புழுதி அடங்கும் ஆழம்

இருபத்திரண்டு வருசம் ரிக் லாரியில்.
திருச்செங்கோட்டில் ஏறினால்
ராய்ப்பூர், நாக்பூர், பேர் வாயில் நுழையாத ஏதோ ஓர் ஊர்.
கம்ப்ரசர் உறுமும் பக்கத்தில் நின்று
லீவரில் உள்ளங்கை வைத்தே சொல்லிவிடுவேன்:
இது சுக்காம்பாறை, இது கருங்கல்,
இன்னும் முப்பது அடியில் ஈரம்.

போன ஆவணியில்
ஈரோட்டு டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்:
இனித் திரும்பாது.
டாக்டர் கையெழுத்து எனக்குப் புரிந்த
ஒரே நாள் அது.
முதலாளி மூன்று மாதச் சம்பளத்தோடு
ஒரு சுவர்க்கடிகாரமும் கொடுத்தனுப்பினார்.
அதன் டிக் டிக் யாருக்கு?

பள்ளிபாளையத்து வீட்டில்
சலோமி தறிக்குப் போய்விட்ட பகல்களில்
சுவரைப் பார்த்து ஜெபித்தேன்.
ஜெபமா அது?
கடனைத் திருப்பிக் கேட்கிறவன் பேச்சு:
குடுங்க. குடுத்தே ஆகோணும்.
ஆயிரம் அடி போட்டும்
புகைதான் வந்தது.

சலோமிக்கு இது புதுசில்லை.
இருபது தறி ஒன்றாக அடிக்கிற கொட்டகையில்
பெண்கள் உதட்டால்தான் பேசுவார்கள்,
நூல் அறுந்ததை, சீட்டுப் பணத்தை,
மதியத்துக்கு என்ன குழம்பு என்பதை.
ராத்திரி விளக்கடியில் எதிரே உட்கார்ந்து
சோறு என்றாள். மழை என்றாள்.
பயப்படாதீங்க என்பதற்கு
உதடு இரண்டு தரம் ஒட்டிப் பிரியும்.
அதை மட்டும் தினமும் சொல்லிக் காட்டினாள்,
நான் எப்போதோ படித்துவிட்ட பிறகும்.

கார்த்திகையில் அறுப்பின் பண்டிகை. ஏலம்.
மரவள்ளிக் கிழங்கு, கரும்புக் கட்டு, கதலித் தார்,
யாரோ நேர்ந்துவிட்ட செங்கழுத்துச் சேவல்.
செயலாளர் மாசிலாமணியின் வாய் ஓடிய வேகத்துக்கு
என் படிப்புப் போதவில்லை.
காதோரம் ஓர் ஈ. கையைத் தூக்கி விரட்டினேன்.
மறுபடி வந்தது, மறுபடி விரட்டினேன்.
ஆயிரத்து நானூறு ரூபாய்க்குச்
சேவல் என் மடியில் வந்து உட்கார்ந்தது.
சபை முழுக்கத் தோள்கள் குலுங்கின.
நானும் சிரித்தேன்.
என் சிரிப்பு எனக்குள் இடிப்பதை
அன்றுதான் கவனித்தேன்.

மறுநாள் விடியலில்
சேவல் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. சத்தமில்லை.
அந்த மீன்காரன் ஞாபகம் வந்தது,
குளிர்காய்ந்த முற்றத்தில்
அவரைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னவன்.
நானும் சொல்லியிருக்கிறேன்,
நாக்பூர் டீக்கடையில், பையன்கள் கேட்டபோது:
கோயிலெல்லாம் என்ற சம்சாரத்துக்கப்பா, எனக்கில்ல.
அவனுக்குக் கூவல் கேட்டது. அழுதான்.
கேட்காதவன் எப்போது அழுவது?

இறங்கிப் போய்ச் சேவலை அள்ளி
நெஞ்சோடு பிடித்தேன். திமிறியது, இறக்கையால் அறைந்தது,
பிறகு என்ன நினைத்ததோ
கைக்குள்ளேயே கூவியது.
பழைய உள்ளங்கை
பாறை இல்லை இது என்றது.

போர் போடும்போது ஒரு நேரம் வரும்.
தண்ணீர் மேலே ஏறுவதற்கு முன்
புழுதி சட்டென்று அடங்கும்.
ஆட்கள் கத்திக் கும்மாளம் போடுவதற்குள்
ஒரே ஒரு கணம்.
அந்தக் கணத்தில் நின்றுகொண்டிருந்தேன்,
சட்டையெல்லாம் எச்சமாக.
எதையும் கேட்கத் தோன்றவில்லை அவரிடம்.

காது திரும்பவில்லை.
சலோமியின் கொட்டகையிலேயே
இப்போது கோன் சுமக்கிறேன்;
அங்கே எல்லாரும் என்னைப் போலத்தான்.
ஞாயிறுகளில் பெஞ்சுப் பலகையில் கை வைத்தால்
பாட்டின் அடிக்குரல் ஊறி வருகிறது,
எத்தனை அடியிலிருந்து என்று
அளக்கத் தெரியவில்லை.

சேவலுக்கு இன்னும் ஐந்நூறு பாக்கி.
போன வாரம் வாசலில் மாசிலாமணி நிறுத்தி
நிதானமாக, எழுத்தெழுத்தாகக் கேட்டார்.
ஒன்றுவிடாமல் படித்தேன்.
காதைத் தொட்டுக் காட்டிவிட்டு
நடையைக் கட்டினேன்.